வைஃபை பெட்டிக்கு அரக்கு முத்திரை

பெருமதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மாமனார் எழுதும் மடல். இங்கே நான் நலம். உங்கள் அத்தையும் நலமாகத்தான் இருக்கிறாள் என்பது சமையலறையில் அவள் பாத்திரங்களைக் கீழே வைக்கும் சத்தத்திலிருந்து தெரிகிறது. வாயால் கேட்டுத் தெரிந்துகொள்ள வழியில்லை, வெள்ளிக்கிழமையிலிருந்து என்னோடு பேச்சு இல்லை. அங்கே நீங்களும், இத்தனை நாள் வெறும் என் மகளாக இருந்து இப்போது டாக்டர் ஆகிவிட்ட உங்கள் மனைவியும் சௌக்கியமாக இருக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

மெயிலில் அனுப்பியிருக்கலாமே, காகிதம் எதற்கு என்று கேட்பீர்கள். கேட்க வேண்டியதுதான், கம்ப்யூட்டர் படித்தவர். நீங்கள் ஏற்பாடு செய்து மாட்டிக்கொடுத்த வைஃபை பெட்டி இப்போது துணியில் சுற்றப்பட்டு, நூல் கட்டப்பட்டு, முடிச்சின் மேல் அரக்கு முத்திரையோடு என் பீரோவின் மேல்தட்டில் இருக்கிறது. என்னுடையது பட்டன் போன். உங்கள் அத்தையின் பெரிய போனில் டேட்டா கிடையாது. வீட்டில்தான் வைஃபை வந்துவிட்டதே, ஒரே சரக்கை இரண்டு கடையில் எதற்கு வாங்க வேண்டும் என்று அதை நிறுத்தியவன் நான்தான். பட்டன் போனில் உங்களைக் கூப்பிட்டுப் பேசினால், "சரி மாமா, பாத்துக்கலாம் மாமா" என்று பாதியிலேயே என்னை வழியனுப்பிவிடுவீர்கள். காகிதத்திடம் அந்த வித்தை பலிக்காது.

விஷயத்துக்கு வருகிறேன். மண்ணுக்குள் தண்ணீர் எவ்வளவு வேகத்தில் இறங்குகிறது என்று வருஷக்கணக்காக அளந்து அளந்து என் மகள் எழுதிய ஆராய்ச்சிக்கு வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்குக் கடைசித் தேர்வு, பேராசிரியர்கள் கேள்வி கேட்பார்கள், அவள் நின்று பதில் சொல்வாள், அதை வீட்டிலிருந்தபடியே நாங்கள் திரையில் பார்க்கலாம் என்று நீங்கள் சொன்னபோது எனக்கு உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது. எங்கள் பழைய இணைப்பில் மனிதர்கள் பாதி வார்த்தையில் வாயைத் திறந்தபடி உறைந்துவிடுவார்கள் என்பதால், "புது லைன் போட்டுடறேன் மாமா, நூறு போட்டிருக்கேன், தாராளமா போதும்" என்றீர்கள். நூறு! நான் பூரித்துப் போனேன். நூறு என்ன, கல்லா, மூட்டையா என்று கேட்கத் தோன்றவில்லை. மாப்பிள்ளை கொடுக்கிறார், மாமனார் எடைபோட்டுப் பார்க்கலாமா என்ற மரியாதைதான்.

ஆனால் நான் யார் என்பது உங்களுக்குத் தெரியும். வேலையில் இருந்த காலமெல்லாம் எடைக்கல்லுக்கும் தராசுக்கும் முத்திரை வைத்தவன். அரைக் கிராம் குறைந்ததற்காக ஒரு கடைக்காரரின் தராசைத் தூக்கிக்கொண்டு வந்ததில் கடைத்தெரு முழுவதும் எனக்கு 'அரைக் கிராம்' என்றே பெயர் வைத்தார்கள். நான் அதைப் பட்டமாகவே வாங்கிக்கொண்டேன். அப்படிப்பட்டவன் வீட்டுக்குள் ஒரு சரக்கு, அதுவும் 'நூறு' என்று சொல்லிக்கொண்டு வந்து இறங்கினால், அளக்காமல் இருக்க முடியுமா? உங்கள் கல்யாண வீடியோவை அனுப்பியிருந்தீர்கள் அல்லவா, ஒன்றரை ஜிகாபைட். ஜிகா என்றால் ஆயிரம் மெகா, ஆக ஆயிரத்து ஐந்நூறு, நூறால் வகுத்தால் பதினைந்து வினாடி. பெட்ரோல் பங்குகளில் அளவு பிடிக்கும்போது நான் வைத்திருந்த நிறுத்துக் கடிகாரத்தைத் தேடி எடுத்து, உங்கள் அத்தையை லேப்டாப் முன்னால் உட்காரவைத்து, "ம், அமுக்கு" என்றேன். பதினைந்து வினாடி ஆனது. உங்கள் கல்யாணம் வரவில்லை. ஒரு நிமிடம் ஆனது. மாப்பிள்ளை அழைப்பு கூட முடிந்திருக்காது. இரண்டு நிமிடத்தைத் தாண்டித்தான் முழுசாக வந்து சேர்ந்தது. திரையின் மூலையில் வேகம் என்று போட்டிருந்த எண்ணைப் பார்த்தேன். பன்னிரண்டு. சில சமயம் பதினொன்று சொச்சம். நூறு என்று விலை பேசிவிட்டுப் பன்னிரண்டை நிறுத்துப் போடும் தைரியம் என் சர்வீஸில் எந்த மளிகைக்காரருக்கும் இருந்ததில்லை.

உடனே கஸ்டமர் கேருக்குப் போன் போட்டேன். நெடுநேரம் பாட்டுப் போட்டு என்னை மகிழ்வித்த பிறகு ஒரு பெண் வந்து, மிகவும் இனிமையாக, "சார், உங்க பிளான் நூறு வரைக்கும் சார்" என்றாள். வரைக்கும்! நூறு வரைக்கும் என்றால் பன்னிரண்டும் அதில் அடக்கமாம், ஒன்றும் அடக்கமாம், பூஜ்யமும் அடக்கமாம். ஒரு கிலோ வரைக்கும் சர்க்கரை, ஒரு லிட்டர் வரைக்கும் எண்ணெய் என்று கடைகளில் எழுதிப் போடலாம் என்று யாருமே எனக்குச் சொல்லவில்லையே, நான் பாவம் எத்தனை பேருடைய பிழைப்பைக் கெடுத்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று வியாழக்கிழமை. மறுநாள் காலை தேர்வு. இங்கேதான் உங்கள் அத்தைக்கும் எனக்கும் கருத்து வேறுபாடு. சந்தேகத்துக்கு இடமான அளவுக் கருவியைச் சோதனை முடியும்வரை பயன்படுத்தக் கூடாது, இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கட்டி முத்திரை வைக்க வேண்டும் என்பது நான் காலமெல்லாம் கடைப்பிடித்த முறை. சொந்த வீடு என்பதற்காக முறையை மாற்ற முடியுமா? பெட்டியைக் கழற்றினேன். அவள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"நாளைக்குப் பதினொரு மணிக்குக் குட்டியைப் பாக்கணும். இப்போ அதைக் கழட்டி என்ன பண்ணப் போறீங்க?"

"காலையில ஆபீஸ் திறந்ததும் போறேன், மூஞ்சியில அடிக்கிற மாதிரி நாலு கேள்வி கேக்கறேன், புதுப் பெட்டியோட பத்தரைக்கு வந்துடறேன்."

"பன்னெண்டு வருதுல்ல? அதுல பாக்க முடியாதா?"

"நூறுக்குப் பன்னெண்டு வாங்கிட்டு வாயை மூடிட்டு இருக்கச் சொல்றியா, என்னை?"

"உங்களை நான் எப்போ வாயை மூடச் சொல்லி, நீங்க எப்போ மூடினீங்க?" என்றாள். சாட்சியாக இருக்கவும் மறுத்துவிட்டாள். மேல் வீட்டு அம்மாவும் தண்ணீர் கேன் போடும் ஆளும் சாட்சிகளாக நின்றார்கள். அரக்கை உருக்கிச் சொட்டவிட்டு, ஓய்வு பெறும்போது எனக்கு நினைவுப் பரிசாகக் கொடுத்த வெண்கல முத்திரையை அதன் மேல் அழுத்தினேன். வீடு முழுக்க அரக்கு வாசனை. கேன் ஆள், "உள்ள என்ன சார், நகையா?" என்று பயபக்தியோடு கேட்டுவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை ஆபீஸ் திறக்கும் முன்பே வாசலில் நின்றேன். கண்ணாடிக் கதவு, உள்ளே நல்ல குளிர், தண்டிக்கப்பட்டவர்கள் உட்காருவதற்கென்றே செய்த மாதிரி இரும்பு நாற்காலிகள். சுவர் முழுக்க ஒரு திரையில், பறவை போல் கையை விரித்துக்கொண்டு சிரிக்கும் ஒரு குடும்பம், அதன் கீழே 'நூறு'. கண்ணை இடுக்கிப் பார்த்தால் பக்கத்திலேயே எறும்பு அளவில் 'வரை'. டோக்கன் எடுத்து உட்கார்ந்தேன். என் முறை வந்தபோது மணி பத்தே காலைத் தாண்டியிருந்தது. கவுண்டரில் இருந்த பெண் மூட்டையைப் பார்த்ததும் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"என்ன சார் இது?"

"உங்க பெட்டி. நூறு சொல்லிட்டுப் பன்னெண்டு போடுது."

அவள் சிரிக்கவில்லை, அதைச் சொல்ல வேண்டும். பொறுமையாகவே சொன்னாள். "நூறுங்கறது மெகாபிட் சார். நீங்க ஸ்கிரீன்ல பாத்தது மெகாபைட். எட்டு பிட் சேந்தாதான் ஒரு பைட். லைன்ல ஓடுற வேகத்தை பிட்லதான் சொல்லுவாங்க, ஃபைலோட அளவை பைட்ல சொல்லுவாங்க. நூறை எட்டால வகுத்தா பன்னெண்டரை. உங்களுக்குச் சரியாத்தான் சார் வருது."

மாப்பிள்ளை, எனக்கு எப்படி இருந்திருக்கும்? பேசும்போது ஓர் அளவு, போடும்போது ஓர் அளவு! "ஏம்மா, பால்காரர் எட்டு தம்ளர்னு பேசிட்டு, கொண்டுவரும்போது ஒரு செம்பைக் காட்டி, எட்டு தம்ளர் சேந்தா ஒரு செம்புன்னு சொன்னா நீ ஒத்துக்குவியா?" என்று கேட்டேன். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஒத்துக்குவேன் சார். எட்டு தம்ளர்தான் வந்துடுச்சே" என்றாள். பின்னால் டோக்கனோடு உட்கார்ந்திருந்த ஒருவர் இருமுவதுபோல் சிரித்தார். அங்கேயே எழுந்து வந்திருந்தால் பத்தரைக்கு இல்லாவிட்டாலும் பதினொன்றுக்குள் வீடு வந்திருப்பேன். ஆனால் பின்னால் ஒருவர் சிரித்த பிறகு எழுந்து வருவது எப்படி என்று எனக்கு யாரும் பழக்கவில்லை.

"பன்னெண்டரை வரணும்னா, பதினொண்ணு சொச்சம் காட்டுச்சே, மீதி எங்க போச்சு?" என்று விட்ட இடத்தில் பிடித்தேன். அந்தப் பெண் உள்ளே போய் மேனேஜரைக் கூட்டிவந்தாள். கழுத்தில் அடையாள அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டிருந்த அந்தத் தம்பி, "லைன் கணக்குல மெகான்னா பத்து லட்சம் சார். கம்ப்யூட்டர் சிலது கிலோவை ஆயிரத்து இருபத்து நாலா எடுத்துக்கும். அதான் கொஞ்சம் கம்மியாத் தெரியும்" என்றார். கிலோ! ஆயிரத்து இருபத்து நாலு! என் வாழ்நாள் முழுவதும் கிலோ என்றால் ஆயிரம், ஒரு குண்டுமணி கூடவும் இல்லை குறையவும் இல்லை என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காத்தவன் நான். நான் ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்திருந்த நேரம் பார்த்து, யாரோ சத்தமில்லாமல் கிலோவுக்குள் இருபத்து நாலைச் செருகிவிட்டுப் போயிருக்கிறார்கள். அதுவும் ஓர் இடத்தில் ஆயிரம், அடுத்த இடத்தில் ஆயிரத்து இருபத்து நாலு, கேட்டால் இரண்டும் கிலோதான். அதற்கு மேல் நான் என்ன பேசினேன் என்று முழுசாக நினைவில்லை. தராசின் முள்ளைப் பற்றியும் மனிதனின் மனசாட்சியைப் பற்றியும் நீளமாகவே பேசியிருக்கிறேன் என்று நினைக்கிறேன். ஒரு பெரியவர் எழுந்து வந்து எனக்குத் தண்ணீர் பாட்டில் கொடுத்தார்.

மேனேஜர் ரொம்ப மரியாதையாக, "சரி சார், கம்ப்ளெயின்ட்டே எழுதிக்கறேன். பெட்டிக்கு அடியில நம்பர் இருக்கும், பிரிச்சுக் காட்டுங்க" என்றார். முத்திரை வைத்ததை அந்த இரண்டு சாட்சிகள் முன்னிலையில் அல்லது வேறு இரண்டு தகுதியான சாட்சிகள் முன்னிலையில்தான் பிரிக்கலாம் என்றேன். "நம்பர் இல்லாம கம்ப்ளெயின்ட் ஏறாது சார்" என்றார். "சாட்சி இல்லாம முத்திரை பிரியாது தம்பி" என்றேன். அவருக்கு அவர் முறை, எனக்கு என் முறை. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டே நின்றோம். அப்போதுதான் அவர் தலைக்குப் பின்னால் அந்தப் பறக்கும் குடும்பத்துத் திரையின் மூலையில் மணியைப் பார்த்தேன். பன்னிரண்டரை. மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தேன், ஆட்டோவில் ஏறிய பிறகுதான் குடையை விட்டுவிட்டு வந்தது தெரிந்தது.

வீடு பூட்டியிருந்தது. படியில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் உங்கள் அத்தை மேல் வீட்டிலிருந்து இறங்கி வந்தாள். கண் சிவந்திருந்தது, ஆனால் முகத்தில் ஒரு சிரிப்பு பாதியில் நின்றிருந்தது. என்னைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பை எடுத்து உள்ளே வைத்துவிட்டாள். அத்தோடு சரி.

சாயங்காலம் உங்கள் மனைவி என் பட்டன் போனில் கூப்பிட்டாள். "அப்பா! பாத்தீங்களா?" என்றாள். அந்தக் குரலில் இருந்த சந்தோஷத்துக்கு முன்னால் பிட், பைட், கிலோ எதையும் எடுத்துச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. "பாத்தேம்மா" என்றேன். "அந்த இடத்துல சிரிச்சீங்களா?" என்றாள். "சிரிக்காம இருப்பேனா?" என்றேன். எந்த இடம் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. உங்கள் அத்தையிடம் கேட்கலாம் என்றால் அவள் பாத்திரங்களோடு மட்டும்தான் பேசுகிறாள். இதைப் பொய் என்று நீங்கள் நினைக்க வேண்டாம். கம்பெனிக்காரர்கள் நூறு வரை என்று போடலாம் என்றால் நான் மட்டும் 'பார்த்தேன் வரை' சொல்லக் கூடாதா?

எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை என்று இந்த இடத்தில் எழுதுவதாக இருந்தேன். எழுத வரவில்லை. அவள் சின்ன வயதில் என் பையிலிருந்த சோதனை எடைக்கற்களைத் தரையில் வரிசையாக அடுக்கி விளையாடுவாள். அவள் நின்று பேசி ஜெயித்த அந்த ஒரு நாளில் நான் எங்கேயோ ஒரு கண்ணாடிக் கதவுக்குள் ஒரு மூட்டையைக் கட்டிக்கொண்டு கத்திக்கொண்டிருந்தேன் என்பதுதான் திரும்பத் திரும்ப நினைவுக்கு வருகிறது, மாப்பிள்ளை.

ஆகவே, இது அத்தனைக்கும் மூல காரணமான உங்களிடம் வைக்கும் கோரிக்கை: அன்றைய தேர்வை நீங்கள் பதிவு செய்து வைத்திருப்பீர்கள். அதை ஒரு பென் டிரைவில் போட்டு, அவளுக்குத் தெரியாமல், உடனே எனக்கு அனுப்பிவைக்கவும். அடுத்த தடவை அவள் "எந்த இடம் பிடிச்சுது?" என்று கேட்பதற்குள் நான் தயாராக வேண்டும். ஃபைல் எத்தனை ஜிகா என்பதையும், அந்த ஜிகா எந்த ஊர்க் கணக்கு என்பதையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வைத்தால் போதும். இனி எனக்கு எதைக் கொடுத்தாலும் எண்ணை மட்டும் சொல்லாமல் அலகையும் சேர்த்துச் சொல்லும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

நீங்கள் இருவரும் எல்லாச் செல்வமும் பெற்று, எந்தக் கணக்கில் அளந்தாலும் குறையாத ஆயுளோடு வாழ ஆசீர்வதிக்கும்,

உங்கள் மாமனார்

பி.கு.: இந்தக் கடிதத்தை உங்கள் அத்தை பார்க்கவில்லை. பார்க்கவும் மாட்டாள். நீங்களும் சொல்ல வேண்டாம்.

மாப்பிள்ளை, அத்தை எழுதறேன். தபால்ல போடச் சொல்லி என்கிட்டயே கொடுத்துட்டுப் போயிருக்கார். பேச்சு இல்லையே தவிர, வேலை வாங்கறது நிக்கலை. ஒட்டாம இருந்துச்சு, படிச்சேன்.

குட்டிக்கு எல்லாம் தெரியும். திரையில எங்க முகம் தெரியற கட்டத்துல நான் மட்டும்தானே இருந்தேன், அப்பா இல்லைன்னு அவ அப்பவே பாத்துட்டா. சும்மா சீண்டிப் பாக்கத்தான் போன் பண்ணிக் கேட்டிருக்கா. மேல் வீட்டம்மா போன்லதான் பாத்தேன். மூணு வேகம்தான் வந்துச்சாம், அதுவும் பிட் கணக்குல. பைட்டா மாத்தினா அரை கூடத் தேறாது. அதுலயே குட்டி கண்ணாடியைக் கழட்டித் துடைச்சது வரைக்கும் பளிச்சுன்னு தெரிஞ்சுது. இவர் இந்தப் பன்னெண்டை வச்சுக்கிட்டு ஊரையே கூட்டியிருக்கார்.

அந்த இடம் எதுன்னு நீங்களே இவருக்குச் சொல்லிடுங்க, எனக்குச் சொல்ல ஆரம்பிச்சா சிரிப்பு வந்துடும், சிரிச்சா கோவம் போயிடும். ஒரு வழுக்கைத்தலைப் பேராசிரியர் எகிறிக் குதிச்சார் இல்ல, "எல்லாரும் நாப்பத்தெட்டுன்னு எழுதியிருக்காங்க, நீ ரெண்டுன்னு எழுதியிருக்கே, அடிப்படையே தப்பு"ன்னு? குட்டி பதறவே இல்லையே. "ஐயா, அவங்க ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி இறங்குதுன்னு எழுதியிருக்காங்க. நான் ஒரு மணி நேரத்துக்கு எழுதியிருக்கேன். இருபத்து நாலால பெருக்கிப் பாருங்க, ரெண்டும் ஒண்ணுதான்"ன்னா. அவர் கணக்குப் போட்டுப் பாத்துட்டு அசடு வழிஞ்சார். அப்புறம் சொன்னா பாருங்க, "எங்கப்பா முத்திரை ஆய்வாளர். அலகைப் பாக்காம எண்ணைப் பாத்துக் கோவப்படக் கூடாதுன்னு சொல்லித்தான் எங்களை வளர்த்தார்"னு. எல்லாரும் கை தட்டினாங்க. மணி பதினொண்ணே முக்கால் இருக்கும். அந்த நேரத்துல அவங்கப்பா எங்க, என்ன பண்ணிட்டு இருந்தார்னு இப்போ இதைப் படிச்சதும்தான் தெரியுது.

பென் டிரைவ் எல்லாம் வேண்டாம். மேல் வீட்டம்மா போன்ல பதிவு இருக்குன்னு தெரிஞ்சு, நேத்து நான் கடைக்குப் போன நேரம் பாத்து அதைக் கேக்க மேல போயிருக்கார். கதவு வரைக்கும் போயிட்டு, வெக்கப்பட்டுக்கிட்டு, மாடிக் குழாய்ல தண்ணி வருதான்னு கேட்டுட்டு இறங்கி வந்துட்டாராம். அதனால நீங்க ரெண்டு பேரும் இந்த லீவுக்கு நேர்ல வந்து, குட்டியே பக்கத்துல உக்காந்து போட்டுக் காட்டட்டும். பெட்டியைப் பிரிக்க ரெண்டு சாட்சி வேணுமாம், கேன் ஆள் ஊருக்குப் போயிட்டார்.